திருப்தி இல்லாத வண்டியும் ஐஸ் செய்த வாத்தியாரும்

போன மாதம் எங்கள் பேத்தி ஒரு மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். மறுநாள் மாலை கடற்கரையில், காந்தி சிலைப் பக்கம் வழக்கமாக உட்காரும் எங்கள் கோஷ்டியில் அதுதான் பேச்சு. நண்பர் ஒருவர், "இதெல்லாம் சீனாக்காரன் விற்கிற புதுப் பொம்மை. ஐந்து வருஷத்தில் காணாமல் போய்விடும்" என்றார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. பிரான்சில் ஓட்டிய பழைய ரெனோ காரைப் பற்றி இன்னமும் பெண்டாட்டியைப் பற்றிப் பேசுவதைவிட அதிகம் பேசுவார். "புதுசு என்று யார் சொன்னது? பெட்ரோல் காருக்கும் முன்னால் பிறந்தது இது. அதுவும் உங்கள் பாரீசிலேயே" என்றேன். அவர் நம்பவில்லை. ஐஸ்கிரீம் பந்தயம் வரை போய்விட்டது.

பந்தயத்துக்காகப் பழைய பிரெஞ்சுப் புத்தகங்களைப் பரணில் இருந்து இறக்கினேன். இறக்கியதில் வேறு ஒரு விஷயமும் சேர்ந்து இறங்கிவிட்டது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

நாங்கள் லிசேயில் படித்தபோது பௌதிகம் பிரெஞ்சில்தான். எங்கள் ஆசிரியர் எந்தப் பாடத்தையும், அதை முதலில் கண்டுபிடித்தவன் பிரெஞ்சுக்காரன் என்று சொல்லித்தான் முடிப்பார். நாங்கள் பாதியைக் கழித்துக்கொண்டு கேட்போம். ஆனால் பாட்டரி விஷயத்தில் கழிக்க வேண்டியதில்லை. 1859இல் கஸ்தோன் பிளான்தே என்பவர் இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் தடுப்பு வைத்துப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தி மின்சாரம் செலுத்திப் பார்த்தார். செலுத்திய மின்சாரம் திரும்பக் கிடைத்தது. தீர்ந்தபின் மறுபடி ஏற்ற முடிந்தது. அதுவரை பாட்டரி என்றால் ஒருமுறை தீர்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். 1881இல் காமில் ஃபோர் என்ற இன்னொருவர் தகடுகளின்மேல் ஈய ஆக்சைடைக் களிம்புபோல அப்பினார். அதன்பிறகு அதைத் தொழிற்சாலையில் செய்து விற்க முடிந்தது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறோமே, அந்தப் பெட்டிக்குள் இருப்பது இந்த இருவரின் வேலைதான்.

அதே 1881 ஏப்ரலில் குஸ்தாவ் த்ரூவே என்பவர் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் சின்ன மின்மோட்டாரையும் இந்த மாதிரி பாட்டரியையும் கட்டி, பாரீசின் வலுவா தெருவில் ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியில் பென்ஸ் தன் பெட்ரோல் வண்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1886இல். ஐந்து வருஷம் பின்னால். பந்தயத்துக்கு இதுவே போதும். ஆனால் த்ரூவேக்கு அந்த மூன்று சக்கர வண்டியில் பெரிய ஆசை இல்லை போலிருக்கிறது. அதே வருஷம் மோட்டாரைக் கழற்றிப் படகில் மாட்டி சேன் நதியில் விட்டுவிட்டார்.

அடுத்த இருபது வருஷத்தில் பாரீசிலும் நியூயார்க்கிலும் மின்சாரக் கார்களும் வாடகை வண்டிகளும் ஓடின. 1900இல் அமெரிக்காவில் தயாரான சுமார் 4,200 கார்களில் 1,681 நீராவியில் ஓடியவை, 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் கார் 936தான். அன்றைக்கு ஒருவரிடம் எதிர்காலத்து வண்டி எது என்று கேட்டிருந்தால் பெட்ரோல் என்று சொல்லியிருக்கமாட்டார். அது புகைத்தது, நாறியது, உதறியது.

இனி அந்த ஓட்டப் பந்தயக் கதை. பள்ளியில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பாரீசுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் ஒரு நேரான தட்டைச் சாலை. பாரீஸ் நகரத்துச் சாக்கடைத் தண்ணீர் பாய்ந்து காய்கறி விளையும் வயல்களுக்கு நடுவே போகும் சாலை அது. அங்கே 1898 டிசம்பரில் கோமகன் கஸ்தோன் த ஷாஸ்லூ-லோபா என்பவர், ழாந்தோ என்பவர் கட்டிய மின்சார வண்டியில் மணிக்கு 63 கிலோமீட்டர் போய்க் காட்டினார். உலகத்தில் முதன்முதலாக முறைப்படி அளந்து எழுதப்பட்ட கார் வேகம் அதுதான். பெல்ஜியத்துக்காரர் காமில் ழெனாட்ஸி, சிவப்புத் தாடிக்காரர், இதைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல் ஜனவரியில் வந்து 66 போனார். அதே நாளில் கோமகன் 70 போனார். பத்தே நாளில் ழெனாட்ஸி 80. மார்ச்சில் கோமகன் 92. இரண்டு வீட்டுக்காரர்கள் கல்யாண ஊர்வலத்தில் மாற்றி மாற்றி வாணம் விடுவதுபோல நான்கைந்து மாதம் இது நடந்தது. இருவர் வண்டியும் மின்சாரம்.

1899 ஏப்ரல் 29இல் ழெனாட்ஸி புது வண்டியோடு வந்தார். அலுமினியக் கலவைத் தகட்டில் சுருட்டுப்போல இரண்டு பக்கமும் கூரான உடம்பு. மிஷ்லேன் டயர். பின்சக்கரங்களை நேராகச் சுற்றும் இரண்டு மோட்டார். வண்டிக்கு 'லா ழாமே கோந்தாந்த்' என்று பெயர். 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்' என்று அர்த்தம். இது அவர் மனைவியைக் குத்திக் காட்ட வைத்த பெயர் என்று வதந்தி உண்டு. ஆம்பிளைகள் வதந்தி, விட்டுவிடுவோம். வேடிக்கை என்னவென்றால், காற்றைக் கிழிப்பதற்காக உடம்பைக் கூராக்கிவிட்டு, ஓட்டுகிறவர் குதிரைமேல் உட்கார்ந்ததுபோல இடுப்புக்கு மேலே முழுக்க வெளியே தெரிய நெட்டுக்குத்தலாக உட்கார்ந்திருக்கிறார். படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். இருந்தும் அன்று அது மணிக்கு 105.88 கிலோமீட்டர் போனது. மனிதன் ஓட்டிய கார் 100ஐத் தாண்டியது அதுவே முதல் தடவை. அந்தச் சாதனை மூன்று வருஷம் நின்றது. 1902இல் நீஸ் நகரத்தில் செர்ப்பொலே தன் நீராவிக் காரில் 120ஐத் தொட்டு அதை முறியடித்தார். அப்போதும் முறியடித்தது பெட்ரோல் இல்லை. 'ஒருபோதும் திருப்தி அடையாதவள்' இன்றைக்கும் கொம்ப்பியேன் அரண்மனைக் கண்காட்சியில் இருக்கிறாள்.

ழெனாட்ஸியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1913இல் வேட்டைக்குப் போன இடத்தில் நண்பர்களைப் பயமுறுத்த ஒரு புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காட்டுப்பன்றிபோல உறுமினார். ஒரு நண்பர் சுட்டுவிட்டார். வேகத்தில் சாகாதவர் விளையாட்டில் செத்தார்.

தோற்றுப்போன கோமகனின் பெயர் நம் ஊர்ப் பெரியவர்கள் சிலருக்கு வேறு விதத்தில் பழக்கமாக இருக்கும். சைகோனில் வேலை பார்த்த பாண்டிச்சேரிக் குடும்பங்கள் எத்தனையோ. அங்கே பெயர்பெற்ற பள்ளிக்கூடம் ஷாஸ்லூ-லோபா. அது இந்தக் கோமகனுடைய தகப்பனார் ப்ரொஸ்பேரின் பெயர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் 1860 முதல் 1867 வரை கடற்படைக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் மந்திரியாக இருந்தவர். சைகோன் முறைப்படி பிரெஞ்சுக்காரர் வசம் ஆனது அவர் காலத்தில்தான். பாண்டிச்சேரி கவர்னர் எழுதிய கடிதங்களும் அந்த மந்திரி மேசைக்குத்தான் போயிருக்கும். அப்பா தூர தேசங்களைப் பிடித்தார், பிள்ளை வேகத்தைப் பிடிக்கப் பார்த்தார். உங்கள் வீட்டில் அந்தப் பள்ளியில் படித்த தாத்தா யாராவது உண்டா? இருந்தால் கேட்டு வையுங்கள்.

இவ்வளவு முன்னால் இருந்த மின்சார வண்டி ஏன் தோற்றது? எண்ணெய்க் கம்பெனிகளின் சதி என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காலத்துக்கு அது பொருந்தாது. முதல் காரணம் கனம். ஈய பாட்டரி ஒரு கிலோவில் சுமார் 30 வாட்-மணி மின்சாரம் பிடிக்கும். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12,000 வாட்-மணிக்குச் சமமான வெப்பம் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கை வீணாக்கினாலும் மிச்சம் நூறு மடங்கு. இரண்டாவது, பட்டணத்தை விட்டு வெளியே வந்தால் மின்சாரமே கிடையாது. பெட்ரோலை மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் தகரத்தில் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகலாம். 1901இல் டெக்சாஸில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் ஃபோர்டு மலிவாகக் கார் செய்யத் தொடங்கினார்.

கடைசி அடி 1912இல் விழுந்தது. அதுவரை பெட்ரோல் காரை முன்னால் நின்று ஹாண்டில் போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். நம் சின்ன வயதில் விழுப்புரம் பஸ்ஸைக் கிளீனர் ஹாண்டில் போட்டுக் கிளப்பியது நினைவிருக்கும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். அந்தத் தொல்லைக்குப் பயந்தே பலர் மின்சார வண்டி வாங்கினார்கள். 1912 காடிலாக் காரில் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பொத்தானை அமுக்கினால் போதும். மின்சார வண்டியைக் கொன்றதே ஒரு மின்சார மோட்டாரும் ஈய பாட்டரியும்தான்.

அந்த 1912இல்தான் பாரீசில் ஒரு வயோதிகர் வறுமையில் இறந்துபோனார். பெயர் ஒகுஸ்தேன் மூஷோ. பரணில் இருந்து சேர்ந்து இறங்கியது என்று சொன்னேனே, அது இவர்தான்.

மூஷோ ஒரு கணக்கு வாத்தியார். 1860 வாக்கில் அவருக்கு ஒரு கவலை பிடித்தது. ஐரோப்பா முழுக்க நிலக்கரியை அள்ளி எரிக்கிறார்களே, இது தீர்ந்துபோனால் தொழிற்சாலைகள் என்ன செய்யும்? எதிரே பார்த்தார், சூரியன் சும்மா இருந்தது. கறுப்புப் பூசிய செப்புக் கொதிகலன், அதன்மேல் கண்ணாடிக் கூடு, சுற்றிலும் வெயிலைக் குவிக்கும் பளபளப்பான தகடு. அவ்வளவுதான் சாமான். கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1866இல் மூன்றாம் நெப்போலியனுக்குச் சூரிய எஞ்சினைக் காட்டினார். 1869இல் சூரிய வெப்பத்தைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். மறுவருஷம் பிரஷ்யாவோடு யுத்தம், பாரீஸ் முற்றுகை. அந்தக் குழப்பத்தில் காட்சிக்கு வைத்திருந்த எஞ்சின் தொலைந்தே போயிற்று. மனிதர் விடவில்லை. தூர் நகரத்து லிசேயில் பாடம் நடத்திக்கொண்டே பெரிய புனல்வடிவக் கண்ணாடியோடு இன்னொன்று செய்தார். அரசாங்கம் வெயில் காயும் அல்ஜீரியாவுக்கு அவரை அனுப்பிவைத்தது.

1878 பாரீஸ் உலகப் பொருட்காட்சியில் அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊரே கூடி நிற்க, வெயிலில் இருந்து ஐஸ் கட்டி செய்து காட்டினார். மந்திரம் இல்லை. சூடேற்றினால் அம்மோனியா ஆவியாகிச் சுற்றி வந்து குளிர்விக்கும் யந்திரம் ஒன்றை ஃபெர்தினான் கார்ரே என்பவர் முன்பே செய்திருந்தார். அதன் அடியில் விறகுக்குப் பதில் மூஷோ சூரியனை வைத்தார். மண்ணெண்ணெயில் எரிந்த பழைய ஃபிரிட்ஜ் சில துரைமார் வீடுகளில் இருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அதே தத்துவம். நம் ஊர் மே மாதத்து வெயிலில், மின்விசிறி நின்று உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மத்தியானமும் இந்த ஐஸ் கட்டி என் நினைவுக்கு வருகிறது. மூஷோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவருடைய உதவியாளர் ஆபெல் பீஃப்ரு 1882 ஆகஸ்டில் பாரீசின் துய்லரி தோட்டத்தில் சூரிய நீராவியில் அச்சு யந்திரத்தை ஓட்டி மணிக்கு 500 பிரதி வீதம் பத்திரிகை அடித்துக் கொடுத்தார். பத்திரிகையின் பெயரே சூரியப் பத்திரிகை. அன்று வானம் அத்தனை தெளிவாகக்கூட இல்லை.

பிறகு அரசாங்கம் விசாரணை வைத்தது. ஒன்று பிரான்சில் மொம்பெலியேயில், இன்னொன்று அல்ஜீரியாவில் கோன்ஸ்தாந்தீனில். நிபுணர்கள் நாள்தோறும் அளந்தார்கள். எவ்வளவு வெயில், எவ்வளவு நீராவி, என்ன செலவு. யந்திரம் வேலை செய்கிறது, ஆனால் கட்டுப்படியாகாது என்று முடிவு வந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. 1860இல் இங்கிலாந்தோடு செய்த ஒப்பந்தத்தால் இங்கிலாந்து நிலக்கரிக்கு வரி குறைந்திருந்தது. ரயில் பாதைகள் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. கரி வாசலுக்கே மலிவாக வந்தது. அன்றைய கரி விலையை ஒரு பக்கமும் சூரியக் கண்ணாடியின் விலையை இன்னொரு பக்கமும் வைத்தால் யாராயிருந்தாலும் அப்படித்தான் எழுதுவார்கள். மூஷோவோ கரி தீர்ந்துபோகும் நாளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நிபுணர்களிடம் கேட்கப்பட்ட கேள்வி அது இல்லை. பணம் நின்றது. மூஷோ திரும்பவும் கணக்குப் பாடத்துக்குப் போனார்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணம் உண்டு.

1980களின் நடுவில் நான் ஒரு அலுவலகத்தில் யு.டி.சி. எந்த அலுவலகம் என்பது இப்போது முக்கியமில்லை. ஒரு மாணவர் விடுதியின் சமையலறைக்குச் சூரிய வெந்நீர்க் கருவி வைக்கலாம் என்று ஓர் இளம் இன்ஜினியர் யோசனை அனுப்பியிருந்தார். மரபுசாரா எரிசக்திக்கென்று மத்திய அரசில் தனித்துறை வந்து சில வருஷமே ஆகியிருந்த சமயம். மானியமும் உண்டு. உலை வைக்கும் தண்ணீரை வெயிலிலேயே பாதி சூடாக்கிவிட்டால் விறகு மிச்சம் என்பது கணக்கு. கோப்பு என் மேசைக்குக் குறிப்பு எழுத வந்தது.

நான் எழுதினேன். கருவியின் விலை இவ்வளவு, விறகின் நடப்பு டெண்டர் விலை இவ்வளவு, முன்னுதாரணம் இல்லை, பழுது பார்க்க ஊரில் ஆள் இல்லை, எனவே தற்போது சிக்கனமாகாது, பிறகு பரிசீலிக்கலாம். சூப்பரின்டென்டென்ட் கையெழுத்துப் போட்டார். மேலே உள்ளவரும் போட்டார். கோப்பு ரிக்கார்டு அறைக்குப் போயிற்று. குறிப்பு நன்றாக இருந்ததாக அன்று எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

சொல்லாமல் விட்டது ஒன்று. விறகு டெண்டர் கோப்பும் என் மேசையில்தான் இருந்தது. விறகு விலை வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அந்தக் கட்டிடத்தில் யாரும் இல்லை. அந்தப் பையன் அடுத்த ஏழு வருஷத்துக்கு விறகு விலை எப்படிப் போகும் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தான். நான் அதைக் குறிப்பில் சேர்க்கவில்லை. அது அனுமானம், கோப்பில் ஆதாரம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆதாரம் இரண்டு அடி தள்ளி என் இடது கைப் பக்கம் இருந்தது. அவன் இரண்டு தடவை வந்து என்ன ஆயிற்று என்று கேட்டான். "பரிசீலனையில் இருக்கிறது" என்றேன். மூன்றாம் தடவை வரவில்லை. விடுதி சமையல்காரர் பல வருஷம் அந்தப் புகையில்தான் நின்றார். மொம்பெலியே நிபுணர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேலே போவோம். தோற்ற வண்டி நடுவில் ஒருமுறை திரும்பி வந்தது. 1940இல் பிரான்ஸ் ஜெர்மனி கையில் விழுந்தது. நம் பாண்டிச்சேரி அந்தச் செப்டம்பரிலேயே தெகோல் பக்கம் சேர்ந்துவிட்டது. பாரீசிலோ பெட்ரோல் ஜெர்மன் ராணுவத்துக்கு மட்டும். ஜனங்கள் மரக்கரி வாயுவில் வண்டி ஓட்டினார்கள். இங்கேயும் அந்தக் கூத்து உண்டு. யுத்த காலத்து பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடியதையும், மேட்டில் ஏற முடியாமல் எல்லோரும் இறங்கித் தள்ளியதையும் எங்கள் அப்பா சொல்லிச் சிரிப்பார். பிரான்சில் பெழோ கம்பெனி அப்போது ஒரு குட்டி மின்சாரக் கார் செய்தது. நகரத்துக்குள் ஓட்ட இரண்டு பேர் உட்காரும் வண்டி. மொத்தம் 377 செய்தார்கள். போல் அர்ஸான் என்ற கலைஞர் 1942இல் முட்டை வடிவத்தில் ஒன்று செய்துகொண்டார். யுத்தம் முடிந்து பெட்ரோல் வந்ததும் எல்லாம் மறைந்தன. பெட்ரோல் இல்லாதபோது மட்டும் நினைவுக்கு வரும் ஏழைச் சொந்தக்காரன்போல ஆகிவிட்டது மின்சாரக் கார்.

சூரியனையும் அலையையும் பிரெஞ்சுக்காரர்கள் அடியோடு மறக்கவில்லை. பிரெத்தாஞ் கரையில் ரான்ஸ் ஆற்று முகத்தில் கடல் ஏற்ற இறக்கத்தில் ஓடும் 240 மெகாவாட் மின்நிலையத்தை 1966இல் தெகோல் திறந்துவைத்தார். இன்னும் ஓடுகிறது. பிரனே மலையில் ஒதேயோ என்ற இடத்தில் ஃபெலிக்ஸ் த்ரோம்பு மலைச்சரிவு முழுக்கக் கண்ணாடி வைத்து இரும்பை உருக்கும் சூரிய உலை கட்டினார். மூஷோவின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். ஆனால் 1973இல் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயைத் திருகியபோது அரசாங்கம் நம்பியது இவற்றை இல்லை. 1974 மார்ச்சில் பிரதமர் மெஸ்மேர் அணுமின் நிலையங்களை வரிசையாகக் கட்டப்போவதாக அறிவித்தார். இன்று பிரான்சின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவில் இருந்து வருகிறது. அணுக்கழிவை என்ன செய்வது என்ற கேள்விக்கு இன்னமும் பதில் தேடுகிறார்கள், அது வேறு கதை. 1993இல் லா ரொஷேல் நகரத்தில் ஐம்பது மின்சாரக் கார்களைச் சாதாரண ஜனங்களிடம் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். 2011இல் பாரீசில் ஒத்தோலிப் என்ற வாடகை மின்சாரக் கார் வந்தது. நஷ்டம் ஏறி 2018இல் நின்றது. நடுவில் லித்தியம் பாட்டரி வந்துவிட்டது. ஈயத்தில் கிலோவுக்கு 30 இருந்தது, லித்தியத்தில் 150, 200, அதற்கு மேலும். ழெனாட்ஸியிடம் இல்லாமல் போனது அது ஒன்றுதான்.

சொல்தா நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. "சரி, உன் பேத்தி வண்டிக்கு மின்சாரம் எங்கேயிருந்து வருகிறது? நெய்வேலிதானே? அங்கே கரியை எரித்து இங்கே சுத்தம் என்கிறாயா?" நமக்கு வரும் மின்சாரத்தில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் பங்கு பெரிதுதான். அந்தச் சுரங்கத்துக்காக ஊரைவிட்டு எழுந்தவர்களின் சொந்தக்காரர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். மின்மோட்டார் தனக்குக் கிடைப்பதில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கும், பெட்ரோல் எஞ்சின் நாலில் ஒரு பங்கு கொடுப்பதே அதிகம், அதனால் கரி மின்சாரத்திலும் கொஞ்சம் லாபம் உண்டு என்று கணக்குச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை. எனக்குமே அது பாதி பதில்தான். பேத்தி ராத்திரி பத்து மணிக்கு வண்டியைச் செருகுகிறாள். அந்நேரம் சூரியன் அல்ஜீரியாவைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். பகலில் நம் மொட்டை மாடியில் காயும் வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைப்பதுதான் பாக்கி. அதற்கும் பிளான்தே காட்டிய வழிதான், பாட்டரி. வெயில் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்று 1839இல் முதலில் பார்த்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர், பத்தொன்பது வயது எட்மோன் பெக்கெரெல். எங்கள் ஆசிரியர் இருந்திருந்தால் மீசையை முறுக்கியிருப்பார்.

பந்தயத்தில் நான்தான் ஜெயித்தேன். இருவருக்கும் சர்க்கரை என்பதால் ஐஸ்கிரீமுக்குப் பதில் சுண்டல் வாங்கித் தந்தார். மாலை ஆறு மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள் இல்லையா, அந்த அமைதியில் உட்கார்ந்து தின்றோம். பின்னாலிருந்து ஆள் தள்ள, முன்னால் உட்கார்ந்த துரை கைப்பிடியைத் திருப்பிக்கொண்டு போன பூஸ்-பூஸ் வண்டி ஓடியதும் இதே சாலையில்தான். அதைப் பற்றி ஒரு நாள் தனியாக எழுத வேண்டும்.

வீட்டில் இப்போது ஒரு யோசனை நடக்கிறது. மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சூரியத் தகடு வைத்தால் மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. பேத்தி வைக்கச் சொல்கிறாள். வடகம் காயப்போட இடம் போய்விடும் என்பது வீட்டுக்காரி கட்சி. மகன், "அப்பா, நீங்கள் ஒரு குறிப்பு எழுதுங்கள், பார்த்து முடிவு செய்யலாம்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் நேற்று ராத்திரி ஒரு முழுத்தாளை மடித்து ஓரம் விட்டு உட்கார்ந்துவிட்டேன். மின்சாரக் கட்டணச் சீட்டுகள் ஏழு வருஷத்துக்கு எடுத்து வருஷவாரியாக அடுக்கியிருக்கிறேன். 2019ஆம் வருஷத்துச் சீட்டில் இரண்டு காணோம். தேடிக்கொண்டிருக்கிறேன்.